அசீரிய மாகாணமும் ஆரணி ஜாகீரும்

பல மொழி பேசி, பல தெய்வங்களை வணங்கும் மக்களை ஒரே ஆட்சிக்குள் எவ்வாறு நிலைநிறுத்துவது என்ற கேள்வியைப் பேரரசுகள் அனைத்தும் எதிர்கொண்டன. கி.மு. 9 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை இன்றைய ஈராக்கின் வட பகுதியை மையமாகக் கொண்டு மேற்காசியாவை ஆண்ட அசீரியர் கண்ட விடையும், கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி வட்டாரத்தைப் பிற்காலத்தில் ஆண்டவர்கள் கண்ட விடையும் திறை, இடைநிலை ஆட்சியாளர் ஆகியவற்றில் ஒத்திருப்பினும், குடிகளுக்கு அளித்த இடத்தில் பெரிதும் வேறுபட்டன.

அசீரியர் தாம் வென்ற நாடுகளில் சிலவற்றை ஆளுநரின் நேரடிப் பொறுப்பிலுள்ள மாகாணங்களாக்கினர். சிலவற்றை, அவற்றின் அரசரையே விட்டுவைத்துத் திறை பெறும் சிற்றரசுகளாக வைத்திருந்தனர். சிற்றரசன் தெய்வங்களைச் சாட்சியாக்கி விசுவாச உறுதிமொழி ஏற்க வேண்டும்; அதை மீறினால் படை வரும், நாடு மாகாணமாகும், மக்களில் ஒரு பகுதியினர் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தொலைநாட்டில் குடியமர்த்தப்படுவர். சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுசென்றதாக அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில் பெருமையுடன் பொறித்துள்ளான். அவ்வாறு பெயர்க்கப்பட்டோரில் உழவர் புதிய நிலங்களிலும், கைவினைஞர் தலைநகரங்களின் கட்டுமானத்திலும் அமர்த்தப்பட்டதால், தண்டனையும் ஆள்தேவையும் ஒரே ஆணையில் நிறைவேறின. மொழியில் மட்டும் அவ்வரசு இணங்கிப்போயிற்று: அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களில் இரு எழுத்தர் அருகருகே நின்று கொள்ளைப் பொருளைக் கணக்கெடுக்கின்றனர், ஒருவர் அக்காடிய மொழியை ஆப்பெழுத்தில் பதிக்க, மற்றவர் வெல்லப்பட்ட மக்களிடையே பரவியிருந்த அரமேய மொழியைச் சுருளில் எழுதுவதாக ஆய்வாளர் கொள்கின்றனர்.

ஆரணிக்கு மேற்கேயுள்ள படைவீடு சம்புவராய மன்னரின் தலைநகராக விளங்கிய ஊர். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணன் அவர்களை வென்றபின், இவ்வட்டாரம் படைவீட்டு ராஜ்யம் எனப்பட்ட மாகாணமாயிற்று. வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரம் கோயிலில், விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இம்மாகாணத்தின் கலவையான சமுதாயத்தை நேரில் காட்டுகிறது. கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாட நாட்டவர் எனக் கருதப்படும் இலாளர் ஆகிய நான்கு பிரிவு பிராமணரும் கூடி, இனிப் பெண்ணைக் கன்னிகாதானமாகவே மணம் செய்விப்பது என்றும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கு உள்ளாவதோடு சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர் என்றும் உடன்பட்டனர். விதியை வகுத்தவர்கள் குடிகள். அதை மீறுவோரைத் தண்டிக்கும் பொறுப்பே அரசுக்கு உரியதாயிற்று.

நெசவாளரிடமும் அரசுகள் இதே போக்கில் நடந்துகொண்டன. தறி ஒவ்வொன்றும் வரி தருவதாக இருந்ததால், நெசவாளர் ஊரைவிட்டு வெளியேறினால் கருவூலத்துக்கே இழப்பு. ஆகவே, காஞ்சிபுரத்துக் கைக்கோள நெசவாளர் அனுபவித்த தண்டு, சங்கு ஆகிய உரிமைகளை, அதாவது பல்லக்கில் செல்லவும் சங்கு முழக்கவும் உள்ள தகுதியை, மற்ற ஊர்க் கைக்கோளரும் கேட்டுப் பெற்றதை 15-ஆம் நூற்றாண்டின் இறுதிக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அசீரியன் கைவினைஞரைக் காவலுடன் நடத்திச்சென்றான் என்றால், இங்குள்ள ஆட்சியாளர் மரியாதையும் சலுகையும் தந்து அவர்களைத் தக்கவைத்துக்கொண்டனர். இன்று ஆரணியில் பட்டு நெய்வோரில், கைக்கோளர் மரபினரான செங்குந்தரும், மேற்கிந்தியாவிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து வந்த சௌராஷ்டிரரும் அடங்குவர்.

17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் தளபதியும் சிவாஜியின் தந்தையுமான ஷாஜியின் வழியாக, மராட்டிய பிராமணரான வேதாஜி பாஸ்கர பந்த் ஆரணியை ஜாகீராகப் பெற்றார். ஜாகீர் என்பது சேவைக்கு ஈடாக ஒரு நிலப்பகுதியின் வருவாயை அனுபவிக்கும் உரிமை. 1677-இல் இப்பகுதியின் செஞ்சிக் கோட்டை சிவாஜியின் வசமானது. 1698-இல் முகலாயர் அதைக் கைப்பற்றினர். பின்னர் ஆர்க்காட்டு நவாபும், 1801-இல் கர்நாடகப் பகுதியைத் தன் நேரடி ஆட்சிக்குக் கொண்டுவந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் மேலதிகாரம் செலுத்தினர். மேலே இத்தனை கொடிகள் மாறியும், பேஷ்கஷ் எனப்பட்ட திறையைச் செலுத்தி வந்த வேதாஜியின் குடும்பத்தின் கையிலேயே ஜாகீர் நீடித்தது. ஊரையும் விளைச்சலையும் அறிந்த இடைநிலை ஆட்சியாளரை அகற்றுவதைவிட வைத்திருப்பதே ஒவ்வொரு மேலரசுக்கும் ஆதாயமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் சுமை குடிகளின் தலையில் விழுந்ததையும் மறக்கலாகாது. திறை உழவரின் விளைச்சலிலிருந்தே வந்தது; 1751-இல் கம்பெனித் தளபதி கிளைவ், பிரெஞ்சுக்காரரின் துணைபெற்ற ராசா சாகிபுடனும், 1782-இல் மற்றொரு கம்பெனித் தளபதி அயர் கூட், மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியுடனும் மோதிய போர்கள் ஆரணி மண்ணிலேயே நடந்தன. கல்லில் பொறிக்கப்பட்ட உரிமைகளும் அமைப்பாகத் திரண்ட சாதிகளுக்கே கிட்டின. சேற்றில் உழைத்தவர்களுக்கு அத்தகைய கல்வெட்டு வாய்க்கவில்லை.

எனினும், அசீரிய உறுதிமொழி பெரும்பாலும் அதை ஏற்றவரையே கட்டியது, கேட்க நாதியற்றிருந்த நாடுகள் வாய்ப்பு நேர்ந்தபோதெல்லாம் கிளர்ந்தன, கி.மு. 612-இல் அசீரியத் தலைநகர் நினிவேயை வீழ்த்தியவர்களில், அசீரிய ஆதிக்கத்தில் நெடுங்காலம் இருந்த பாபிலோனியரும் அடங்குவர். விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டோ குடிகளின் உடன்படிக்கையையும் அரசின் கடமையையும் ஒருங்கே பதிவு செய்தது. பலவகை மக்களை ஆளும் எந்த அரசுக்கும் இதுவே பாடம்: தாம் வகுக்கும் விதியை அரசும் காக்கும் என்ற உறுதி குடிகளுக்கு வேண்டும், அவ்வுறுதி கடைசி மனிதர் வரை சென்று சேரவும் வேண்டும்.