குழாயைக் குறை, குழந்தையைக் கா!

அறுவை அரங்கின் கதவு திறக்கிறது, சீக்கிரம் உள்ளே வாருங்கள்! இது பெர்லின் இதய மையம். 1986-இல் தொடங்கியது, இன்று சாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையின் அங்கம். சர்ஜனின் விரல்களை மற்றவர்கள் பார்க்கட்டும். நமக்கு வேண்டியது பக்கத்தில் சுழலும் இதய-நுரையீரல் எந்திரமும் அதை ஓட்டும் பெர்ஃபியூஷனிஸ்ட்டும்தான். இந்த வேலையைக் கற்றுத்தர இங்கே தனி அகாடமியே நடக்கிறது!

மேஜையில் 3 கிலோ பச்சிளங்குழந்தை. உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 250 மில்லி. இதயத்தை நிறுத்தித் தைக்கும் வரை இந்த எந்திரம்தான் குழந்தைக்கு மூச்சும் துடிப்பும். ஆனால் எந்திரத்தின் குழாய்களும், இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஊட்டும் ஆக்சிஜனேட்டரும் காலியாக இருக்கக் கூடாது. முதலில் திரவம் நிரப்ப வேண்டும், அதுதான் பிரைமிங். திரவம் கூடினால் குழந்தையின் இரத்தம் நீர்த்துப்போகும், ஆக்சிஜனைச் சுமக்கச் சிவப்பணுக்கள் போதாது. அதனால் பிறருடைய இரத்தத்தைக் கலந்தே நிரப்புவது வழக்கம். அந்த இரத்தமோ அழற்சியைக் கிளப்பிவிடக்கூடியது.

பெர்லின் குழு என்ன செய்தது தெரியுமா? எந்திரத்தையே குழந்தையின் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது! சின்னப் பம்புகளைக் கம்பங்களில் ஏற்றி மேஜையை ஒட்டி நிறுத்தினார்கள். தூரம் குறைந்தது, குழாய் குட்டையானது, உள்விட்டமும் சுருங்கியது. ஒடுங்கிய குழாயில் இரத்தம் தானாக வடியாதே? மெல்லிய வெற்றிட இழுவை கொடுத்தார்கள்! எடைக்கேற்றபடி ஆக்சிஜனேட்டரையும் மாற்றினார்கள். பிரைமிங் 100 மில்லி அளவுக்கு இறங்கியது. ஒரு டம்ளர் காபிகூட இல்லை!

இப்போது நெற்றியில் ஒட்டிய சென்சாரைப் பாருங்கள். மூளைக்கு ஆக்சிஜன் போதுமா என்று நொடிக்கு நொடி சொல்கிறது. அதையும், ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் அளவையும் பார்த்து, தேவைப்பட்டால் மட்டுமே இரத்தம் ஏற்றுகிறார்கள். பிறர் இரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாமல் பச்சிளங்குழந்தைகள் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்திருக்கிறார்கள்!

ஜெர்மன் மண்ணுக்கு இந்த எந்திரம் பழைய காதல். உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஊட்டும் கருவியை 1885-இலேயே லைப்சிக்கில் ஃபான் ஃப்ரையும் க்ரூபரும் அமைத்தார்கள். இதய-நுரையீரல் எந்திரத்தின் துணையோடு மனித இதயத்தைச் சரிசெய்யும் கனவை 1953-இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் நிறைவேற்றினார். 1958-இல் மார்பர்க்கில் ருடால்ஃப் ஸெங்கர் ஜெர்மனிக்கு அதைக் கொண்டுவந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதய ஆபரேஷன் என்றால், சர்ஜனோடு பெர்ஃபியூஷனிஸ்ட்டையும் பாருங்கள். “பிரைமிங் எத்தனை மில்லி?” என்று தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொரு மில்லியும் கணக்கில் வரும் உடம்பு அது!