சொல்லுக்குள் ஒரு வினை

கேளம்பாக்கத்தின் உப்பளங்களில் நடப்பதை எவரும் எளிதாகக் கூறிவிடலாம். வெயிலில் நீர் ஆவியாகிறது. எஞ்சிய நீர் உவர்ப்பேறி அடர்கிறது. முடிவில் உப்பு படிகமாகிறது. இதையே கல்லூரிப் பாடநூல் இவாப்பரேஷன், சலினிட்டி, டென்சிட்டி, கிரிஸ்டலைசேஷன் என்னும்போது, தமிழ் வழியில் பயின்று வந்த மாணவர் திகைத்து நிற்கிறார்.

திகைக்கத் தேவையில்லை. முதலாவதும் நான்காவதும் வினையிலிருந்து பிறந்த பெயர்கள்: இவாப்பரேட் என்றால் ஆவியாகு, கிரிஸ்டலைஸ் என்றால் படிகமாகு. நடுவிலுள்ள இரண்டும் பண்பைக் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தவை: சலைன் என்றால் உவர்ப்பான, டென்ஸ் என்றால் அடர்ந்த. ‘ஷன்’, ‘இட்டி’ என்பன விகுதிகளே.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. ‘அழுத்து’ என்னும் வினை ‘அழுத்தம்’ ஆவது போலவே ஆங்கிலத்தில் ‘பிரஸ்’, ‘பிரஷர்’ ஆகிறது. முடுக்கு–முடுக்கம், ஈர்–ஈர்ப்பு, அடர்–அடர்த்தி ஆகியவற்றையும் நோக்குக. தமிழ் வகுப்பில் தொழிற்பெயர், பண்புப்பெயர் என்று கற்றவையே இயற்பியல் வகுப்பில் மீண்டும் வருகின்றன.

அறிவியலுக்கு இத்தகைய பெயர்கள் ஏன் இவ்வளவு தேவைப்படுகின்றன? ‘நீர் அடர்ந்திருக்கிறது’ என்றால் எவ்வளவு என்பது விளங்காது. அப்பண்புக்கு ‘அடர்த்தி’ என்று பெயரிட்டால், அதற்கு ஓர் எண்ணும் அலகும் தரலாம். ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை சுமார் 1,025 கிராம். அது வற்றி லிட்டருக்கு ஏறத்தாழ 1,210 கிராம் ஆகும்போது சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. பிரெஞ்சு வேதியியலர் அந்துவான் போமே 1768-இல் அமைத்த திரவமானியின் அளவில் இது சுமார் 25 பாகை.

விகுதி சிறிது மாறினால் பொருளும் மாறிவிடும் என்பதை மாணவர்கள் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். ‘ரெசிஸ்ட்’ என்றால் எதிர்த்துத் தடு. அதிலிருந்து ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டிவிட்டி என இரு பெயர்கள் தோன்றின. முன்னது மின்தடை, பின்னது மின்தடை எண். ஒரே பருமனுள்ள செம்புக் கம்பியின் நீளத்தை இருமடங்காக்கினால் அதன் மின்தடை இருமடங்காகும். மின்தடை எண்ணோ மாறாது. வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் எனில் அது சுமார் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டராகவே இருக்கும். ‘அன்ஸ்’ என முடிவது பெரும்பாலும் குறிப்பிட்ட அந்தக் கம்பிக்கு உரியது. ‘இவிட்டி’ என முடிவது அது செய்யப்பட்ட பொருளுக்கு உரியது. தேர்வில் இவ்விரண்டும் குழம்பினால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

இச்சொற்களுள் சிலவற்றைப் படைத்தவரையும் நாம் அறிவோம். இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட், குறுக்கிட்டுத் தடுத்தலைக் குறிக்கும் ‘இம்பீட்’ என்னும் வினையிலிருந்து ‘இம்பீடன்ஸ்’ என்ற பெயரை 1886-இல் ஆக்கினார். மாறுதிசை மின்சுற்றுகளைக் கணக்கிட அப்பெயர் இன்றும் உதவுகிறது.

ஆயினும் விகுதியை மட்டும் நம்புதல் கூடாது. டீப், டெப்த் ஆகும்போது ஆழமான என்பது ஆழம் ஆகிறது. ஆனால் ஹாட் என்பதிலிருந்து ஹீட் என்று போனால், சூடு எவ்வளவு என்னும் அளவு கிடைப்பதில்லை. அதைக் கூறுவது வெப்பநிலை. ஹீட் எனும் வெப்பமோ ஆற்றல். எனவே மூலச்சொல்லைக் கண்டபின் அறிவியல் வரையறையையும் பார்த்தல் வேண்டும்.

நீண்டதொரு சொல்லைக் கண்டால், அதனுள் இருப்பது வினையா, பண்பா என்று முதலில் வினவுங்கள். எக்ஸ்பேன்ஷன், எலாஸ்டிசிட்டி, ரிஃப்ராக்ஷன் ஆகிய மூன்றையும் இன்றே பிரித்துப் பாருங்கள்.