சுவிட்சை ஆஃப் பண்ணினால் மட்டும் போதுமா?



போன மாசம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டி வண்டி நிறுத்தும் தகர ஷெட் இருக்கிறது. அப்பாவின் பைக், என் சைக்கிள், தவிட்டு மூட்டை எல்லாம் அதில்தான் இருக்கும். அங்கே ஒரு எல்.இ.டி. பல்பு. ராத்திரி சுவிட்சை ஆஃப் பண்ணின பிறகும் அது மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். தம்பி அதைப் "பேய் லைட்டு" என்பான். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். அப்படி விட்டதுதான் தப்பு.

ஒரு நாள் சாயங்காலம் அந்த பல்பு பியூஸ் போய்விட்டது. அம்மா புது பல்போடு ஸ்டூல் மேல் ஏறினார்கள். "சுவிட்சு ஆஃப்ல இருக்கா பாருடி" என்றார்கள். "ஆஃப் பண்ணிட்டேம்மா, நீ மாட்டு" என்று நான்தான் சொன்னேன். அம்மா பழைய பல்பைக் கழற்றிவிட்டு, அரை இருட்டில் ஹோல்டரை விரலால் தடவிப் பார்த்தார்கள். இன்னொரு கை ஷெட்டின் இரும்புத் தூணைப் பிடித்திருந்தது. திடீரென்று "ஆ" என்று கத்திக்கொண்டு கீழே விழுந்தார்கள். நல்லவேளை, தவிட்டு மூட்டை மேல் விழுந்ததால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு அழுகை நிற்கவே இல்லை. நான் ஆஃப் பண்ணினேனே, அப்புறம் எப்படி ஷாக் அடித்தது?

மறுநாள் வயர்மேன் அண்ணன் வந்தார். முதலில் வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "டெஸ்டரே கெட்டிருந்தா நாம ஏமாந்துடுவோம் பாப்பா" என்றார். பிறகு ஷெட் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு ஹோல்டரில் வைத்தார். ஒரு பின்னில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது! "சுவிட்ச பேஸ்ல போடாம நியூட்ரல்ல போட்டு வச்சிருக்காங்க" என்றார். ஷெட் கட்டியபோது தெரிந்தவர் ஒருவர் லைன் இழுத்துக் கொடுத்தார். இரண்டு ஒயரும் ஒரே கலர். அதனால் மாறிப் போயிருக்கிறது.

அண்ணன் சொன்னதையும், அப்புறம் எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். அது பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு ஒயரில் வருகிறது. நியூட்ரலை டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு இணைத்திருப்பார்கள். நாமும் பூமியில்தான் நிற்கிறோம். அதனால் பேஸைத் தொட்டால் கரண்ட் நம் உடம்பு வழியாகப் பூமிக்குப் போகப் பார்க்கும். அம்மாவுக்கு இரும்புத் தூண்தான் வழியாகிவிட்டது. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும்போது அது நெஞ்சு வழியாகப் போகும். அது ரொம்ப ஆபத்து.

சுவிட்சை பேஸில் போட்டாலும் நியூட்ரலில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். அதனால்தான் தப்பு வெளியே தெரிவதில்லை. இதை இப்படி நினைத்துப் பாருங்கள். வயலுக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் வால்வைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், மூடினதும் குழாய் முழுக்கக் காலி. கடைசியில் வைத்தால் தண்ணீர் நிற்கும், ஆனால் குழாய் நிறைந்தே இருக்கும். நடுவில் ஓட்டை விழுந்தால் பீய்ச்சி அடிக்கும். எங்கள் ஷெட் ஹோல்டரும் அப்படித்தான் எப்போதும் நிறைந்தே இருந்தது. பேய் லைட்டுக்குக் காரணமும் அதுதான். கொஞ்சூண்டு கசியும் கரண்டே எல்.இ.டி.யை மங்கலாக எரிய வைத்துவிடும். (சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் சில பல்பு இப்படி எரியும் என்றார் அண்ணன்.)

அண்ணன் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு லைனை மாற்றினார். சிவப்பு ஒயர் பேஸ். அது முதலில் சுவிட்சுக்குப் போய், சுவிட்சிலிருந்து ஹோல்டருக்கு. கறுப்பு ஒயர் நியூட்ரல். அது நேராக ஹோல்டருக்கு. பச்சை ஒயர் எர்த். அதைத் தகர ஷெட்டின் இரும்போடு சேர்த்தார். தகரத்து ஓட்டையில் ஒயரை அப்படியே விட்டிருந்ததையும் எடுத்து, பி.வி.சி. பைப்புக்குள் போட்டார். தகரத்தின் விளிம்பு ஒயரின் மேல் உறையை அறுத்துவிட்டால் ஷெட் முழுக்க ஷாக் அடிக்குமாம். கடைசியில் சுவிட்சை ஆஃப் பண்ணி மறுபடி டெஸ்டர் வைத்தார். இரண்டு பின்னிலும் எரியவில்லை. அன்று ராத்திரி பேய் லைட்டும் போய்விட்டது.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை:

1. பல்பு மாற்ற சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். மெயினையே ஆஃப் பண்ணச் சொல்லுங்கள்.

2. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். வேலை செய்யும்போது இன்னொரு கையால் இரும்பைப் பிடிக்காதீர்கள்.

3. ஆஃப் பண்ணியும் பல்பு மங்கலாக எரிந்தால் வீட்டில் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாமே கழற்றிப் பார்க்கக் கூடாது.

4. யாருக்காவது ஷாக் அடித்தால் அவர்களைத் தொடாமல் முதலில் மெயினை ஆஃப் பண்ணுங்கள். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள்.

5. மீட்டர் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டால், கரண்ட் பூமிக்குக் கசியும்போது அது தானாகவே லைனை நிறுத்திவிடும்.

இப்போதெல்லாம் நான் "ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொன்னால் அம்மா விடுவதில்லை. "சுவிட்சயா, மெயினயா?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கு நீங்களும் வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி