விரிதாளில் மட்டந்தட்டல்

மட்டந்தட்டுதல் என்னுஞ் சொல் உலக வழக்கில் ஒருவரை இழித்துரைத்தலைக் குறிக்கும். கணித நூலாரோ ஓர் எண்ணைக் கிட்டிய முழுவெண்ணுக்கோ வேண்டிய தசமதானத்துக்கோ ஆக்குதலை அச்சொல்லாற் சுட்டுவர். கருத்தின்றிச் செய்யின் இரண்டாவது முதலாவதாய் முடிதலும் உண்டு.

யான் பணியாற்றிய பாடசாலையொன்றில், தவணைப் பரீட்சையில் ஒன்பது பாடங்களில் 671 புள்ளிகள் பெற்ற மாணவனொருவனின் சராசரி 74.555... ஆயிற்று. தசமங் காட்டாதவாறு கட்டம் அமைக்கப்பட்டிருந்தமையால், தேர்ச்சி அறிக்கையில் 75 எனப் பதிவாயிற்று. பரிசுக்குரிய எல்லையும் 75. எனினும் பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை! பட்டியலைத் தெரிந்த சூத்திரம் கண்ணுக்குத் தோன்றிய எண்ணை நோக்காது, உள்ளே உறைந்த எண்ணையே நோக்கிற்று. பரிசளிப்பு விழாவில் அவன் சபையிலிருந்து கைதட்டினான்.

கட்டத்தின் அமைப்புத் தோற்றத்தை மாற்றும். சார்பு எண்ணையே மாற்றும். இவ்வேறுபாடே தலையாயது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைக்கணக்கும் சங்கக்கணக்கும் எழுதும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்க. 33.40 ரூபா மூன்று முறை வரின், தாளில் 33, 33, 33 எனத் தோன்றும். கூட்டுத்தொகையோ 100 என நிற்கும். சபையோர் ஐயுறுதல் இயல்பே.

எக்செலில் இதற்கெனச் சார்புகள் பல உள. ரவுண்ட் என்பது கிட்டிய எண்ணைத் தரும். அதனுள் தசமதான எண்ணிக்கையையும் இடுதல் வேண்டும்: 74.555 என்பது 0 இட்டால் 75, 1 இட்டால் 74.6, -1 இட்டால் 70. ரவுண்ட்அப் 74.1ஐயும் 75 ஆக்கும், ரவுண்ட்டவுன் 74.9ஐயும் 74 ஆக்கும். மறையெண்களில் விழிப்பு வேண்டும்: -2.5ஐ இன்ட் -3 ஆக்க, ட்ரங்க் -2 ஆக்கும். எம்ரவுண்ட் குறித்த மடங்குக்கு ஆக்குவது. 148 ரூபாவை ஐந்தின் மடங்கிற் கேட்பின் 150 தரும்.

சிறு பின்னந்தானே என இகழ்தல் தகாது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைச் சுட்டெண் 1982 ஜனவரியில் 1000இல் தொடங்கியது. ஒவ்வொரு கணிப்பிலும் மூன்றாந் தசமத்துக்கு அப்பாற்பட்டதை மட்டந்தட்டாது வெட்டிவந்தமையால், 1983 நவம்பரில் 524 அளவில் நின்றது. திருத்திக் கணித்தபோது உண்மை மதிப்பு 1098ஐத் தாண்டியிருந்தது.

ஆதலின், இடையிடையே மட்டந்தட்டாது இறுதியில் ஒருமுறையே செய்க. விதியை முன்னரே அறிவிக்க. 75 ஆயினும் 74.6 ஆயினும் ஆகுக. அறிக்கைக்கும் பட்டியலுக்கும் ஒரே எண் இருத்தலே நீதி.