தனித் தட்டு எதற்கு?

திமிரியிலிருந்து ஆற்காடு வழியாக வேலூர் செல்லும் பேருந்துகளில், மருத்துவச் சீட்டுகளை மடியில் வைத்து, நோயுற்ற பிள்ளையுடன் அமர்ந்திருக்கும் பெற்றோரை நாம் அறிவோம். புற்றுநோய் என்னும் சொல்லை அவர்கள் வாய்விட்டுக் கூறுவதில்லை.

அவர்கள் நாடிச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தொடக்கத்திலும் இந்நோயின் துயர் உண்டு. 1900-ஆம் ஆண்டு, மருத்துவப் பட்டத்துடன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஐடா ஸ்கடருக்கு வயது 29. எவரிடம் தொழில் பழகலாமென நம்பினாரோ, அத்தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர் சில மாதங்களிலேயே புற்றுநோயால் மறைந்தார். மகள் திரும்பிச் சென்றுவிடவில்லை. ஒரே கட்டிலுடன் பணியைத் தொடர்ந்தார். 1902-இல் 40 கட்டில்கள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

அன்று மருந்தே இல்லாதிருந்த குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய், முழுச் சிகிச்சை பெற்றால் இன்று பெரும்பாலும் குணமாகிறது. சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும், இடையில் நிறுத்தலாகாது.

இந்நோய் தொற்றாது. அவ்வாறிருக்க, முடி உதிர்ந்த மகளுக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கும் வீடுகளை என்னென்பது? திருமணப் பேச்சு தடைப்படுமென அஞ்சி நோயை மறைப்போரும் உளர். அவ்வாறு கழியும் மாதங்களே உயிருக்கு உலை வைக்கின்றன. பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடிய உதவியோ எளிது: பெற்றோர் மருத்துவமனையில் தங்கும் நாட்களில், பள்ளி விட்டு வரும் தம்பி தங்கையருக்குச் சோறிடுவது.