உயிர் காத்த வடுக்கள்

போர்க்களத்திலே மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றியது பழந்தமிழர் மரபு. இக்காலத்தில் நம்மவருட் சிலர் மாரடைப்பு என்னும் களத்திலிருந்து மார்பிலே வடுவுடன் மீள்கின்றனர். ஆயினும் அவ்வடுக்களை அச்சத்தோடு நோக்குவாரே பலர். நம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பரொருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியபோது, அவர் நெஞ்சிற் சிவந்த தடங்களையும் கையிற் கருநீலக் கன்றலையுங் கண்ட வீட்டார் பெரிதுங் கலங்கினர். உண்ணும் மாத்திரைகளே இதற்குக் காரணமெனக் கருதி அவற்றை நிறுத்தவும் துணிந்தனர். நல்வேளையாக வைத்தியர் அறிந்து தடுத்தார். அக்கலக்கம் பிறர் வீட்டில் நேராதிருக்கவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் நெஞ்சு நோவை நோக்குவோம். இருதயத் தசைக்குக் குருதி கொணரும் முடியுருநாடி அடைபடுவதே மாரடைப்பு. சிலருக்கு அதனால் இருதயத்தின் ஒழுங்கான துடிப்புக் குலைந்து வெறும் நடுக்கமாகிவிட, குருதியோட்டம் நின்றுபோகும். அவ்வேளை அருகிலிருப்போர் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியிற் கைகளை வைத்து அழுத்துகின்றனர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த கூவன்கோவன், யூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவர் 1960 இல் உலகறியச் செய்த முறை இது. வளர்ந்தோருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்துதல் வேண்டும். அவ்விசையால் விலாவெலும்புகள் வெடிப்பதும் முறிவதும் பெரிதும் நிகழ்வனவே. இருமும்போதும், ஆழ்ந்து மூச்செடுக்கும்போதும், தொடும்போதும் மிகுகின்ற அந்நோ சில வாரங்கள் நீடிக்கலாம்.

அடுத்தது தோலிலே தோன்றும் சிவந்த தடம். நடுங்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் நிலைநிறுத்தலாம் என்பதை 1947 இல் குளோட் பெக் என்னும் அறுவை வைத்தியர், 14 வயதுச் சிறுவனொருவனின் திறந்த மார்பிற் செய்து காட்டினார். 1956 இல் போல் சோல் மார்பைத் திறவாமலே அதனைச் செய்யும் வழியை வெளியிட்டார். 1962 இல் பேணாட் லவுன் ஆடலோட்டத்துக்குப் பதிலாக நேரோட்டத்தைக் கையாண்டார். இன்றைய கருவிகள் பல, வளர்ந்தோருக்கு 120 முதல் 200 யூல் வரையான சக்தியைக் கணப்பொழுதிற் செலுத்துகின்றன. தோல் மின்னோட்டத்தைத் தடுப்பதால் அச்சக்தியின் ஒரு பகுதி அங்கே வெப்பமாகிறது. வியர்வையாலோ உரோமத்தாலோ ஒட்டுத்தகடு நன்கு படியாவிடின் வெப்பம் ஓரிடத்திற் குவியும். இதனாலேயே வலத் தோளெலும்பின் கீழும் இடப்பக்க விலாவிலும் வெயில் சுட்டாற்போன்ற சிவப்புக் காணப்படுகிறது. பெரும்பாலும் அது சில நாட்களில் மறையும்.

மூன்றாவது கன்றல். அடைப்பை நீக்குதற்கு மணிக்கட்டிலோ தொடையடியிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்துவர். அவ்விடத்திற் கசியும் சிறிதளவு குருதி தோலின் கீழே பரவுகிறது. குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் அதனை மிகுவிக்கின்றன. ஈமோகுளோபின் சிதைந்து முதலிற் பச்சைநிறப் பொருளாகவும் பின்னர் மஞ்சள்நிறப் பொருளாகவும் மாறுவதால், நீலக் கன்றல் நிறம் மாறிக் கரைகின்றது. அது கீழ்நோக்கிப் படர்வதும் உண்டு.

கன்றலைக் கண்டு மாத்திரையை நிறுத்துதலே யாவற்றிலும் பெருங்கேடு. நாடியில் வைத்த ஸ்ரென்ற் என்னும் உலோக வலைக்குழாயிற் குருதி உறைந்து, மீண்டும் மாரடைப்பு நேரலாம். வைத்தியரைக் கேளாது எம்மருந்தையும் நிறுத்தலாகாது. நோவு தணிக்கும் வேறு மாத்திரைகளைத் தாமாக உண்ணவுமாகாது. நெஞ்சிலே எண்ணெய் பூசி அழுத்தித் தேய்ப்பதையும் தவிர்க்க.

எனினும் அலட்சியமுந் தகாது. குழாய் செலுத்திய இடத்திலிருந்து குருதி பெருகினாலும், வீக்கம் விரைந்து வளர்ந்தாலும், அவ்விடத்தை இறுக அழுத்தியவாறு உதவி கோருக. கை கால் குளிர்ந்து விறைத்தாலும், தோல் கொப்புளித்துச் சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே வைத்தியரிடம் காட்டுக. நெஞ்சை அமுக்குவதுபோன்ற நோவு கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் தோன்றின், விலாவெலும்பின் நோவெனத் தேற்றிக்கொண்டு வீட்டிலிருத்தல் கூடாது. இலங்கையிலே 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும்.

இறுதியாக, இளம் மாணவர்க்கு ஒரு சொல். ஒருவர் உணர்விழந்து வீழ்ந்து, மூச்சின்றிக் கிடப்பின், எலும்பு முறியுமே என அஞ்சிக் கையைப் பின்வாங்காதீர். முறிந்த எலும்பு பொருந்தும். நின்ற இருதயமோ நெடுநேரம் காத்திராது. நம் நண்பரின் நெஞ்சை அன்று அழுத்தியவர் அயல்வீட்டு இளைஞர் ஒருவர். நண்பரின் விலாவெலும்புகள் இரண்டு முறிந்தன, அவை பொருந்திவிட்டன. இவ்வாண்டு விழாவுக்கு அவர் நம்மோடு வந்திருந்தார்.