கேப்டவுன் முஸ்லிம்களும் டார்ப் தெரு மதரஸாவும்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், டார்ப் தெருவில் ‘அவ்வல் மஸ்ஜித்’ இருக்கிறது. அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் அது. பெயரே அதைத்தான் சொல்கிறது. அந்தப் பள்ளிவாசல் வளர்ந்தது ஒரு மதரஸாவை ஒட்டித்தான்.

கேப்டவுனின் பழைய முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை டச்சுக்காரர்கள் அடிமைகளாகவும் கைதிகளாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள். இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை, இலங்கை எனப் பல ஊர்க்காரர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. அடிமைகளின் பெயரைக்கூட விட்டுவைக்காமல் ‘பிப்ரவரி’, ‘செப்டம்பர்’ என்று மாதங்களின் பெயரைச் சூட்டினார்கள் எஜமானர்கள். இஸ்லாத்தைப் பகிரங்கமாகப் பின்பற்றத் தடை இருந்தது. 1804இல்தான் வழிபாட்டு உரிமை கிடைத்தது.

அந்தத் தடைக்காலத்தில், 1780இல், டிடோர் தீவிலிருந்து அரசியல் கைதியாகக் கொண்டுவரப்பட்டவர் இமாம் அப்துல்லாஹ் இப்னு காளி அப்துஸ் ஸலாம் (ரஹ்). மக்கள் ‘துவான் குரு’ என்றழைத்தார்கள். ராபன் தீவுச் சிறையில், மனனத்திலிருந்தே குர்ஆனைக் கையால் எழுதியவர். விடுதலையானதும் 1793இல் மதரஸாவைத் தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் ஒன்றாக ஓதினார்கள். 1825இல் அங்கு 491 மாணவர்கள்.

அந்த இடம் ‘சிலோன் கோரிடன்’ என்ற, விடுதலை பெற்ற அடிமை ஒருவருடையது. இலங்கைக்காரர் என்பதைப் பெயரே சொல்கிறது. பின்னர் அது அவர் குடும்பத்துப் பெண்களின் கைக்கு வந்தது. சார்ட்ஜி என்ற பெண்மணி அதைத் தம் உயிலில் பள்ளிவாசலுக்கென எழுதிவைத்தார். வக்ஃப் என்றதும் நவாபுகளையே நினைக்கும் நமக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

மதரஸாவில் முதலில் பாடமொழி மலாய். காலப்போக்கில் பிள்ளைகள் வீட்டில் பேசியது, டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ். உலமாக்கள் அதோடு சண்டைக்குப் போகவில்லை. அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸை எழுதிப் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் அதை நோட்டில் எழுதி மனனம் செய்தார்கள். துருக்கி உஸ்மானிய அரசு அனுப்பிய அபூபக்ர் எஃபெந்தி என்ற ஆலிமின் ‘பயானுத்தீன்’ அப்படி எழுதப்பட்டதே. 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. (அவர் ஹனஃபி, மக்கள் ஷாஃபிஈ. சிங்கி இறால் ஹராம் என்று அவர் சொன்னதும் ஊரே கொந்தளித்தது. கடலோர ஷாஃபிஈகளான நம்மவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்!)

அரபுத் தமிழும் இதே வேலையைத்தான் செய்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதி, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றோர் ஃபிக்ஹை வீட்டுப் பெண்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

1966இல் நிறவெறி அரசு கேப்டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை வெள்ளையருக்கென அறிவித்தது. வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் நகருக்கு வெளியே மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள். மூயிர் தெருப் பள்ளிவாசல் இடிபடாமல் நின்றது. வீடிழந்தவர்கள் ஜும்ஆவுக்கு அங்கேயே திரும்பி வந்தார்கள்.

நம் மஹல்லாக்களை யாரும் இடிக்க வரவில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மக்தபும் டியூஷனும் மோதினால் எது விடுபடுகிறது என்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும். உம்மம்மாவின் பெட்டியில் இருக்கும் அரபுத் தமிழ்க் கிதாபை எடுத்துப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அலிஃப், பே தெரிந்த பிள்ளைக்கு, தமிழுக்கென்று கூடுதலாகச் சேர்த்த சில எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும்.